தண்ணீர் நின்ற கோட்டுக்குக் கீழே: 2015 சென்னை வெள்ளமும் தரைத்தள வீடுகளும்

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கனஅடி நீர் திறந்துவிடப்பட்டது. அன்று காலை தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவானது. அதற்கு முந்தைய நவம்பரில் நுங்கம்பாக்கம் நிலையத்தில் மட்டும் ஏறக்குறைய 105 செ.மீ. பெய்து, நிலமும் ஏரிகளும் ஏற்கெனவே நிரம்பியிருந்ததால், விழுந்த நீருக்கு ஆற்றைத் தவிர வேறு போக்கிடம் இருக்கவில்லை. முடிச்சூர், வரதராஜபுரம், ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று ஆற்றை ஒட்டிய பகுதிகளில் தரைத்தள வீடுகள் மூழ்கின. அந்தப் பருவமழையில் தமிழ்நாடு முழுவதும் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

ஏரியைத் திறந்த நேரமும் அளவும் சரியா என்ற விவாதம் நீண்ட காலம் நடந்தது. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, இதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே குறிப்பிட்டது. இந்த ஆய்வு அந்த விவாதத்துக்குள் போவதில்லை. வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்த நீர், வீட்டுக்குள் எதைக் கெடுத்தது, எதை விட்டுவைத்தது, வடிந்த பிறகு வீடு மறுபடி வாழத்தக்கதாக ஆவதற்கு எந்த வேலையை எதற்கு முன் செய்திருக்க வேண்டும் என்பவை மட்டுமே இங்கே கேள்வி. சுத்தம், பாதுகாப்பு, ஒழுங்கு என்று தனித்தனியாக நாம் பேசும் மூன்றும் ஒரே இரவில் சோதிக்கப்பட்ட நிகழ்வு என்பதால், அன்றாட வீட்டுப் பராமரிப்புக்கும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. இழப்பைத் தீர்மானித்தவை இரண்டு: ஒரு பொருள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதும், திரும்பி வந்த பிறகு வேலைகள் எந்த வரிசையில் நடந்தன என்பதும்.

இரண்டு வார முன்னறிவிப்பு

டிசம்பர் வெள்ளம் திடீரென்று வந்ததாகவே பலர் நினைவில் பதிந்திருக்கிறது. கோட்டூர்புரத்தைப் பொறுத்தவரை அது உண்மை. முடிச்சூரைப் பொறுத்தவரை அல்ல. நவம்பர் 15, 16 தேதிகளில் பெய்த மழையிலேயே மேற்குத் தாம்பரம், முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்து, மக்களை ஹெலிகாப்டரிலும் படகிலும் மீட்க வேண்டியிருந்தது. நவம்பர் 23இல் மறுபடி கனமழை பெய்தது. ஆகவே அந்தப் பகுதியில் ஒரு வீட்டின் சுவரில் டிசம்பருக்கு முன்பே ஒரு கோடு விழுந்திருந்தது. தண்ணீர் நின்ற உயரத்தை மண்நிறத்தில் காட்டும் அந்தக் கோட்டைவிட நம்பகமான அளவுகோல் ஒரு வீட்டுக்காரருக்குக் கிடைக்காது. அதைத் தேய்த்துக் கழுவுவதற்கு முன் தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளந்து, கதவுநிலையில் ஆணியாலோ பெயின்ட்டாலோ குறித்துவைக்க வேண்டும். அவமானச் சின்னத்தை அழிப்பதுபோல் எல்லோரும் முதலில் அதைத்தான் அழிக்கிறோம்.

நீர் வந்த வழியும் கவனிக்கத்தக்கது. தரைத்தள வீடுகளில் பெரும்பாலும் வாசல் வழியாக நீர் நுழைவதற்கு முன்பே, குளியலறைத் தரையின் நீர்ப்போக்கி வழியாகவும் கழிப்பறைக் கோப்பை வழியாகவும் கழிவுநீர் எதிர்த்து ஏறிவிடும். தெருச் சாக்கடையின் நீர்மட்டம் வீட்டுத் தரையைவிட உயரும்போது இது தவிர்க்க முடியாதது. வாசலில் மணல் மூட்டை அடுக்கிவிட்டு உள்ளே நிம்மதியாக இருந்தால், முதுகுப்பக்கம் வீடு நிறைந்துகொண்டிருக்கும். நீர் ஒரு திசையில் மட்டும் போகவிடும் திருப்பத்தடை வால்வை வெளிக்குழாயில் பொருத்துவதே நிலையான தீர்வு. அது இல்லாத வீட்டில், கனமான பாலித்தீன் பையில் மணலை இறுகக் கட்டிக் கழிப்பறைக் கோப்பைக்குள்ளும் தரை ஓட்டையின் மேலும் வைப்பது ஓரளவு தாங்கும்.

உயரம் என்னும் ஒழுங்கு

நம் வீடுகளில் பொருட்கள் வைக்கும் முறைக்கு ஒரு தர்க்கம் உண்டு. அடிக்கடி வேண்டியது கைக்கெட்டும் உயரத்தில், கனமானது தரையில், எப்போதாவது வேண்டியது பரணில். இந்தத் தர்க்கப்படி அரிசி மூட்டை, இன்வெர்ட்டர் பேட்டரி, எரிவாயுச் சிலிண்டர், குளிர்பதனப்பெட்டி, பீரோவின் அடித்தட்டில் பட்டுப்புடவைகள் ஆகியவை எல்லாம் முழங்கால் உயரத்துக்குக் கீழே வந்துவிடுகின்றன. பரணில் இருப்பதோ உடைந்த மின்விசிறி, பழைய பித்தளை அண்டா, கொலுப் பொம்மைகள். வெள்ளம் வந்த வீடுகளில் காப்பாற்றப்பட்டவற்றின் பட்டியல் பல நேரம் இப்படித்தான் இருக்கும்: மிகக் குறைவாகத் தேவைப்படுபவை மட்டும் நனையாமல் தப்பியிருக்கும்.

முதலில் மின்சாரம். தொலைக்காட்சிக்கும் கணினிக்கும் வசதியாகத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பிளக் பாயிண்ட் வைப்பது இப்போதைய வழக்கம். நீர் கணுக்காலைத் தாண்டியதும் அது எட்டுவது இந்தப் பாயிண்டுகளைத்தான். மின்வாரியம் அந்தப் பகுதிக்கே மின்சாரத்தை நிறுத்திவிட்டால் ஆபத்து நீங்கியதாகப் பலர் கருதுகிறார்கள். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் அது உண்மையல்ல. வெளி மின்சாரம் நின்ற அடுத்த நொடியே இன்வெர்ட்டர் தானாக இயங்கி, வீட்டின் கம்பிகளில் 230 வோல்ட் மின்சாரத்தைச் செலுத்தத் தொடங்கிவிடும். தெரு முழுவதும் இருண்டிருக்க, நீர் நிற்கும் ஓர் அறையின் பாயிண்ட் மட்டும் உயிரோடு இருக்கும். ஆகவே நீர் வாசலை நெருங்கும்போதே மெயின் சுவிட்சை அணைப்பதோடு இன்வெர்ட்டரையும் அணைத்து, அதன் வெளியேறும் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். கால் நனைந்த பிறகு அந்த வேலையில் இறங்கக் கூடாது. இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் இடுப்பு உயரத்தில் வலுவான இரும்புத் தாங்கியின் மேல் வைத்துவிட்டால் பிரச்சினையின் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி வேண்டும். மின்சுமை மிகும்போது அணையும் எம்.சி.பி. இருக்கிறதே என்று நினைப்பது போதாது, எம்.சி.பி. கம்பியைக் காக்கும், மனிதரைக் காப்பது ஆர்.சி.சி.பி.தான். வெள்ளம் வராத ஊரிலும், ஈரக் கையோடு கிரைண்டரைத் தொடுகிற எந்தச் சமையலறைக்கும் இது பொருந்தும்.

அடுத்தது சிலிண்டர். நிறைந்த சிலிண்டர் கனமானது, அதனால் அசையாது என்பது பொதுவான எண்ணம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது தவறு. 14.2 கிலோ வாயு கொண்ட வீட்டுச் சிலிண்டரின் உட்கொள்ளளவு ஏறத்தாழ 33 லிட்டர். இரும்பும் வாயுவும் சேர்ந்த மொத்த எடையோ 30 கிலோவை ஒட்டியது. அது விலக்கும் நீரின் எடை அதன் சொந்த எடையைவிட அதிகம் என்பதால், நிறைந்த சிலிண்டரும் மிதக்கும். மிதந்து கவிழும்போது ரெகுலேட்டரும் ரப்பர் குழாயும் இழுபட்டு வாயு கசியலாம். வீட்டைவிட்டுக் கிளம்புமுன் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரின் வாயில் பாதுகாப்பு மூடியை மாட்டி, கைப்பிடியில் கயிறு போட்டு ஜன்னல் கம்பியோடு நிமிர்ந்த நிலையில் கட்டிவைப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். அந்த மூடி எங்கே என்று தேட வேண்டியிருந்தால் நேரம் போய்விடும். அது சிலிண்டரிலேயே கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். குளிர்பதனப்பெட்டியும் இதே காரணத்தால் மிதக்கக்கூடியது. அதன் சுவர்களுக்குள் இருப்பது நுரைப்பொருள். வீட்டுக்குத் திரும்பியவர்கள் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு அது குப்புறக் கிடப்பதைக் காண்பதற்கு இதுதான் காரணம்.

ஆவணங்களின் கதை தனியானது. பீரோவின் லாக்கர் திருடனுக்கு எதிரான ஏற்பாடு, தண்ணீருக்கு எதிரானதல்ல. இரும்புக் கதவு நீரைத் தடுப்பதில்லை, அதன் விளிம்பில் சேறு இறுகிவிட்டால் திறக்கவும் முடியாது. 2015 வெள்ளத்தில் ஆவணம் இழந்தவர்கள் அவ்வளவு பேர் இருந்ததால்தான், அரசு டிசம்பரிலேயே சிறப்பு முகாம்கள் நடத்தி நகல் சான்றுகள் வழங்கியது. சேதமடைந்த கடவுச்சீட்டுக்கு மாற்றாகப் புதியது கட்டணமின்றித் தரப்படும் என்று வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. ஆவணங்களை மின்வடிவில் சேமிக்கும் டிஜிலாக்கர் அதே ஆண்டு ஜூலையில்தான் தொடங்கப்பட்டிருந்தது, அப்போது அதை அறிந்தவர்கள் சிலரே. இன்று ஆதார், ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் சான்று போன்றவற்றை அங்கிருந்தே பெற்றுக்கொள்ளலாம். மூலப் பத்திரத்துக்கு மட்டும் அந்த வழி இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாமே தவிர, மூலம் மூலம்தான். எனவே பத்திரங்களையும் நகை ரசீதுகளையும் காப்பீட்டுத் தாள்களையும் ஜிப் வைத்த தடித்த பிளாஸ்டிக் உறையில் இட்டு, எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்து, அந்தப் பையைப் பரணில் கையெட்டும் முனையில் வைப்பதே சரியான இடம். அதில் வீட்டிலுள்ள முதியவர்களின் மருந்துச் சீட்டும் ஒரு வாரத்துக்கான மாத்திரைகளும் சேர வேண்டும். மற்றதை எல்லாம் ஒழுங்குபடுத்த நேரம் இல்லை என்பவர்கள் இந்த ஒரு பையை மட்டுமாவது செய்துவிடலாம்.

நனைந்துவிட்ட தாள்களை அவசரமாகப் பிரிக்கக் கூடாது. ஈரத்தில் ஒட்டிய பக்கங்கள் பிரிக்கும்போதுதான் கிழியும். சேற்றை நல்ல நீரில் மெதுவாக அலசிவிட்டு, கட்டாகவே சாய்த்து நீர் வடியவிட்டு, ஓரளவு காய்ந்தபின் இடையிடையே வெள்ளைத் தாள் வைத்து நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும். மின்சாரம் உள்ள உறவினர் வீட்டில் உறைபெட்டி இருந்தால், பிளாஸ்டிக் பையில் கட்டி அதில் வைத்துவிட்டு, ஓய்வாக ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம்; உறைந்த தாளில் பூஞ்சை வளராது.

திரும்பி வந்த நாள்: எது முதலில்

நீர் வடிந்து வீடு திரும்பியவர்கள் பெரும்பாலும் முதலில் கையில் எடுப்பது துடைப்பத்தை. அதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன. மெயின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று நனையாத இடத்தில் நின்று பார்க்க வேண்டும். மின்பணியாளர் வந்து ஒவ்வொரு பாயிண்டையும் திறந்து சேற்றை நீக்கி, காயவைத்து, மின்சாரம் கசிகிறதா என்று காப்புத்தடையைச் சோதிக்கும் வரை எதையும் போடக் கூடாது. தண்ணீர் மோட்டாருக்கும் இதே விதி. உள்ளே நுழைந்ததும் எரிவாயு வாடை வந்தால் கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறி 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தங்கும், அது தீப்பற்ற ஒரு சுவிட்சைத் தட்டும் பொறியே போதுமானது. சேறு புகுந்த ரெகுலேட்டரையும் ரப்பர் குழாயையும் கழுவிப் பயன்படுத்தக் கூடாது, மாற்றியே ஆக வேண்டும். மூடிய அலமாரிகளையும் அடுக்கிய துணிகளையும் கையால் துழாவாமல் நீளக் கம்பால் அசைத்துப் பார்க்க வேண்டும். பாம்பும் தேளும் வெள்ளத்தில் ஒதுங்க இடம் தேடியே வீட்டுக்குள் வருகின்றன.

இவ்வளவும் முடிந்தபின், எதையும் நகர்த்துவதற்கு முன், ஒவ்வோர் அறையையும் சுவரில் உள்ள கோடு தெரியும்படி கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கழுவிய வீட்டைக் காட்டி எந்த இழப்பீடும் கேட்க முடியாது.

சுத்தம் செய்வதில் நடந்த மிகப் பெரிய தவறு, என் கணிப்பில், ப்ளீச்சிங் பவுடரை நம்பிய விதம். வெள்ளத்துக்குப் பின் தெருவோரங்களில் வெள்ளைக் கோடாக அது தூவப்பட்டதை எல்லோரும் பார்த்திருப்போம். அந்தக் காட்சி ஆறுதல் தருகிறது. சேற்றின்மேல் உலர்தூளாகக் கிடக்கும் அது கிருமிகளை அதிகம் ஒன்றும் செய்துவிடுவதில்லை. குளோரின் வேலை செய்வது நீரில் கரைந்த நிலையில்தான். அதுவும், சேற்றிலுள்ள கரிமப் பொருட்கள் அதைத் தாமே உறிஞ்சித் தீர்த்துவிடுவதால், சேறு முழுவதும் நீங்கிய பரப்பில்தான். ஆகவே வரிசை மாறக் கூடாது. முதலில் வண்டல், ஈரம் காயுமுன்பே மண்வெட்டியாலும் வைப்பராலும் தள்ளி வெளியேற்றப்பட வேண்டும். காய்ந்துவிட்டால் டைல்ஸ் இடுக்குகளில் அது சிமென்ட்டாக இறுகும். பிறகு சோப்புநீரும் தேய்ப்பும். அதற்குப் பிறகே ப்ளீச்சிங் பவுடர். 15 லிட்டர் வாளி நீருக்குக் கால் கிலோ வீதம் கலந்தால், பவுடர் தரமானதாக இருக்கும்பட்சத்தில், ஏறத்தாழ அரை சதவீதக் குளோரின் கரைசல் கிடைக்கும். சுண்ணாம்பு அடியில் படிந்தபின் மேலே தெளிந்த நீரை எடுத்துத் தரையிலும் சுவரின் அடிப்பகுதியிலும் ஊற்றி, அரைமணி நேரம் ஈரமாகவே விட்டுவைத்து அலச வேண்டும். புதிய பவுடரில் 30 சதவீதத்தை ஒட்டிய குளோரின் இருக்கும். திறந்த பையில் சென்னையின் ஈரக்காற்றில் சில வாரம் கிடந்தது வெறும் சுண்ணாம்புக்கு நெருங்கிவிடும். மூக்கில் ஏறும் வாடை இல்லாத பவுடரை வாங்குவதில் பயனில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை, வெள்ளம் இல்லாத நாளுக்கும் சேர்த்து. கழிப்பறை கழுவ நாம் பயன்படுத்தும் ஆசிட்டும், கடைகளில் விற்கும் பெரும்பாலான கழிப்பறைச் சுத்திகரிப்புத் திரவங்களும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொண்டவை. அவற்றோடு ப்ளீச்சிங் பவுடர் கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். ஜன்னல் சிறுத்த குளியலறையில் அது நுரையீரலைக் கடுமையாகத் தாக்கும். இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்புச் சுத்தம் என்ற எண்ணத்தில் ஒன்றன்மேல் ஒன்றை ஊற்றுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒன்றைப் பயன்படுத்தி நன்றாக அலசி முடித்த பிறகே மற்றொன்றைத் தொட வேண்டும்; இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காமலிருப்பது இன்னும் நல்லது.

சுத்தம் செய்பவரின் உடலும் கணக்கில் வர வேண்டும். எலிச் சிறுநீர் கலந்த நீர், காலில் உள்ள சிறு கீறல் வழியாகவே எலிக்காய்ச்சலைத் தந்துவிடும். 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு அந்த நோய் பரவியபோது, சேற்றில் இறங்குபவர்களுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரையை முன்தடுப்பாக அம்மாநில சுகாதாரத் துறை பெருமளவில் வழங்கியது. மருத்துவரைக் கேட்டு அதை எடுத்துக்கொள்வதும், ரப்பர் காலணியும் கையுறையும் அணிவதும், தனுர்வாத ஊசி காலம் கடந்துவிட்டதா என்று பார்ப்பதும் துடைப்பம் எடுப்பதற்கு முந்தைய வேலைகள். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால், சேற்றில் நின்ற செய்தியை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும்.

எதைக் கழுவி வைத்துக்கொள்வது, எதை எறிவது என்பதில் மனம் தடுமாறுவது இயல்பு. எவர்சில்வர், பித்தளை, கண்ணாடி, பீங்கான் ஆகியவை திரும்பி வரும். தேய்த்துக் கழுவிக் கொதிநீரில் இட்டால் போதும். கழிவுநீர் ஊறிய மெத்தை, இலவம்பஞ்சாக இருந்தாலும் நுரைப்பஞ்சாக இருந்தாலும், வெயிலில் எத்தனை நாள் போட்டாலும் சுத்தமாகாது. மரக்கரண்டி, மரப்பலகை, நனைந்த மாத்திரை அட்டைகள், திருகுமூடி போட்ட டப்பாவில் நீர் தொட்ட மாவும் பருப்பும் ஆகியவற்றுக்கும் அதே முடிவு. பட்டுப்புடவையைச் சோப்பில் போடாமல் நல்ல நீரில் பலமுறை அலசி நிழலில் உலர்த்தினால் ஓரளவு மீளும். 2015 டிசம்பரில் தெருவெங்கும் மெத்தைகள் குவிந்து, பிற மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களை வரவழைத்தே மாநகராட்சியால் அகற்ற முடிந்தது. அந்தப் பணியாளர்கள் கையால் அள்ளுவார்கள் என்பதை நினைத்து, உடைந்த கண்ணாடியையும் ஊசிகளையும் தனியே கட்டி வைப்பதாவது நம் பொறுப்பு.

சம்ப்

தரையையும் சுவரையும் பளபளப்பாக்கிவிட்டு, வாசலுக்கு அடியில் இருக்கும் நிலத்தடி நீர்த்தொட்டியான சம்ப்பை மறந்த வீடுகளில்தான் வயிற்றுப்போக்கும் மஞ்சள்காமாலையும் பின்னால் வரும். சென்னை வீடுகளின் சம்ப் மூடி பொதுவாகத் தரைமட்டத்திலேயே இருக்கிறது. தெருவில் இரண்டடி நீர் நின்றால் சாக்கடையும் செப்டிக் டேங்க்கும் சம்ப்பும் ஒரே நீர்நிலையாகிவிடுகின்றன; அதன்பின் மோட்டாரைப் போட்டால் அந்த நீர் மொட்டைமாடித் தொட்டிக்கும், அங்கிருந்து வீட்டின் ஒவ்வொரு குழாய்க்கும் போய்ச் சேரும்.

நீரை முழுவதும் இறைத்து, வண்டலை நீக்கி, சுவர்களைத் தேய்த்து, ஒருமுறை அலசி இறைத்தபின், தொட்டியை நல்ல நீரால் நிரப்ப வேண்டும். 25 சதவீதக் குளோரின் உள்ள பவுடராக இருந்தால் 1,000 லிட்டருக்கு 200 கிராம் வீதம் கரைத்துத் தெளிந்த நீரை அதில் ஊற்றி, ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, ஒரு நாள் முழுவதும் அப்படியே விட்டு, பிறகு மொத்தத்தையும் வெளியேற்றிவிட வேண்டும். இந்த நீரைக் குடிக்கக் கூடாது. அதற்குப் பின் நிரப்பும் அன்றாட நீருக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது பாடநூல்கள் தரும் அளவு. கலந்து ஒரு மணி நேரம் கழித்தே பயன்படுத்த வேண்டும். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வேறுபாடு 80 மடங்கு. தெருவில் பையோடு தரப்படும் பவுடரைக் கைப்பிடியால் அள்ளிப் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சம்ப்புக்குள் யார் இறங்குவது என்பதும் பாதுகாப்புக் கேள்விதான். மூடிக் கிடந்த தொட்டியில் உயிர்க்காற்று குறைந்தோ, நச்சுவாயு தேங்கியோ இருக்கலாம். இறங்கியவர் மயங்க, காப்பாற்ற இறங்கியவரும் இறக்கும் செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. மூடியை நெடுநேரம் திறந்துவைத்துக் காற்றோடவிட்டு, நீளக் கம்பு பொருத்திய தூரிகையால் மேலிருந்தே தேய்ப்பது நல்லது. செப்டிக் டேங்க்கைப் பொறுத்தவரை பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. உறிஞ்சு லாரிதான் வர வேண்டும். வேலை முடிந்ததும், சம்ப் வாயைச் சுற்றிச் செங்கல் கட்டுமானம் எழுப்பி, சுவரில் குறித்த கோட்டுக்கு மேல் மூடி வரும்படி உயர்த்திவிட்டால், அடுத்த மழைக்கு இந்த வேலை மிஞ்சாது.

சுவரும் சாலையும்

டிசம்பர் தொடக்கத்தில் மூழ்கிய வீட்டுக்கு ஆறே வாரத்தில் பொங்கல் வந்தது. பண்டிகைக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் உள்ள ஊரில் அந்த அவசரம் புரிந்துகொள்ளத்தக்கது. ஆனால் செங்கல் சுவர் குடித்த நீர் அவ்வளவு விரைவில் வெளியேறாது. ஈரத்தின்மேல் பூசிய பிளாஸ்டிக் எமல்ஷன் பெயின்ட் கொப்பளித்து உரியும், உள்ளே பூஞ்சை தொடரும். பீரோவையும் கட்டிலையும் சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளிப் போட்டு, காற்றோட விட்டு, கோடைவரை காத்திருப்பதே சிக்கனம். பொறுக்க முடியாதவர்கள் சுண்ணாம்பு அடிக்கலாம். அது சுவரை மூச்சுவிட அனுமதிக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூரும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மறுபடி நீரில் நின்றன. எண்ணூரில் வெள்ளத்தோடு கச்சா எண்ணெயும் கலந்து மீனவர் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. மேலே சொன்ன வரிசை அங்கே பொருந்தாது. எண்ணெய்ப் படலத்தின்மேல் குளோரின் பயனற்றது, நீர் ஊற்றினால் எண்ணெய் பரவும். மரத்தூளாலும் பழந்துணியாலும் முதலில் ஒற்றியெடுத்து, பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தை வெந்நீரில் கலந்து தேய்க்க வேண்டும். அதுவரை அடுப்பு பற்றவைக்கக் கூடாது. துடைத்த துணிகளை வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல் தனியே ஒப்படைக்க வேண்டும்.

வீடு அதே இடத்தில் இருக்க, தெரு மட்டும் உயர்ந்துகொண்டே போவது, நீர் மறுபடி மறுபடி உள்ளே வருவதற்கு இன்னொரு காரணம். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே தார் போட்டதால், கட்டியபோது தெருவைவிட இரண்டடி உயர்ந்திருந்த வீடுகள் இன்று பள்ளத்தில் கிடக்கின்றன. சுரண்டிய பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021இல் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். உத்தரவு கைவசம் இருக்கும்போது, தெருவில் தார் கொட்டும் நாளில் வாசலில் நின்று கேட்க வேண்டியவர் வீட்டுக்காரர்தான். ஜாக்கி வைத்து முழு வீட்டையும் சில அடி தூக்கும் தொழில் சென்னைப் புறநகரில் இப்போது நன்றாக நடக்கிறது, செலவு எல்லோருக்கும் கட்டுப்படியாகாது.

2015இல் நீர் புகுந்த வீட்டுக்கு அரசு அளித்த நிவாரணம் 5,000 ரூபாய், குடிசை இழந்தவர்களுக்கு 10,000, 2023இல் 6,000. ஒரு குளிர்பதனப்பெட்டியின் விலைக்குக்கூட இது எட்டாது. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் பாரத் கிரிஹ ரக்ஷா என்ற ஒரே வடிவிலான வீட்டுக் காப்பீட்டை வழங்க வேண்டும் என்பது விதி. வெள்ளம் அதில் அடங்கும். கட்டடத்துக்கு எடுக்கும் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுப் பொருட்களுக்குத் தானாகவே சேரும். வாடகைக்கு இருப்பவர் பொருட்களுக்கு மட்டும் தனியே எடுக்கலாம். பாலிசித் தாள் பரணில் உள்ள பையிலும், பொருட்களின் ரசீதுகளும் படங்களும் கைப்பேசிக்கு வெளியே இன்னோர் இடத்திலும் இருக்க வேண்டும். நீர் வடிந்ததும், மெத்தையைத் தெருவில் போடுமுன், நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி மதிப்பீட்டாளர் வரும் தேதியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.